டிரில் பைப் சிக்காமல் காக்கும் ஹூக் லோடு வரைபடம்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் டிரில் பைப் (துளைக்கும் முனையைச் சுழற்றும் நீண்ட குழாய்) சிக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காக ரிக்கில் (துளையிடும் மேடையில்) செய்யப்படும் ஏற்பாடுகளில், பல ஆண்டுகளாக நான் கைவிடாமல் பயன்படுத்திவருவது டாக்ஹவுஸ் (டிரில்லரின் அறை) சுவரில் ஒட்டிவைக்கும் ஹூக் லோடு வரைபடம்தான்; கொக்கியில் தொங்கும் பைப்பின் எடையை ஆழத்துக்கு ஏற்பக் குறிக்கும் தாள் அது. கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கத்திலிருந்து வளைகுடா ரிக்குகளுக்கு வேலைக்கு வரும் தம்பிமார்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பயன்படுத்தும் முறை எளிது. துளை ஆழமாக ஆக மேலே அடுத்த பைப்பைப் பொருத்துவதைக் கனெக்‌ஷன் என்போம். ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் முன்பு, பம்பை ஒரே அளவில் ஓடவிட்டு, பைப்பைச் சுழற்றாமல் மேலே தூக்கும்போது காட்டும் எடை, கீழே இறக்கும்போது காட்டும் எடை, அடியைத் தொடாமல் சுழற்றும்போது காட்டும் எடை ஆகிய மூன்றையும் ஆழத்துக்கு நேராகப் புள்ளியாக வைக்க வேண்டும். உராய்வு 0.2, 0.3, 0.4 என இருந்தால் எடை எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்ட கோடுகளைப் பொறியாளர் முன்கூட்டியே வரைந்து தந்திருப்பார். புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டியே போனால் கவலையில்லை. தூக்கும் எடை கூடிக்கொண்டும் இறக்கும் எடை குறைந்துகொண்டும் போய், இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால், கிணற்றுக்குள் ஏதோ சேர்கிறது என்று பொருள். பைப் சிக்குவதற்குப் பல மணி நேரம் முன்பே இந்த விலகல் தெரிந்துவிடுவதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

ஒரு முறை 12¼ அங்குலக் கிணற்றைச் சுமார் 45 டிகிரி சாய்வில் வேகமாகத் துளைத்துக்கொண்டிருந்தோம். டார்க்கும் (முறுக்குவிசை) பம்ப் அழுத்தமும் வழக்கம்போலவே இருந்தன. தூக்கும் எடை மட்டும் கனெக்‌ஷனுக்குக் கனெக்‌ஷன் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கிணற்றிலிருந்து வரும் பாறைத்துகளைச் சலித்துப் பிரிக்கும் ஷேக்கரில் நின்ற குளச்சல் பையனை அழைத்துக் கேட்டேன். “அண்ணே, சல்லடையில கல்லு ஒண்ணும் பெருசா வரல்ல” என்றான். இந்த அளவுக் கிணற்றில் 100 அடி துளைத்தால் ஏறத்தாழ 2,300 லிட்டர் பாறை உடைகிறது. அது மேலே வரவில்லை என்றால் கிணற்றுக்குள்தான் கிடக்க வேண்டும். அந்தச் சாய்வில் கட்டிங்ஸ் (உடைந்த பாறைத்துகள்) கீழ்ப்பக்கச் சுவரில் படுகையாகப் படிவதோடு நிற்பதில்லை. பம்பை நிறுத்தியதும் படுகை முழுவதும் சரிந்து பிட்டுக்கு (துளைக்கும் முனைக்கு) மேலே வந்து அடைத்துக்கொள்ளும். துளைப்பதை நிறுத்தி, நிமிடத்துக்கு 120 சுற்றுக்கு மேல் சுழற்றி, பைப்பை ஏற்றி இறக்கிக்கொண்டே மட்டை (பம்ப் வழியே கிணற்றுக்குள் சுற்றிவரும் துளையிடும் சேறு) சுற்றவிட்டோம். ஒரு சுற்று முடிந்தும் ஷேக்கரில் கட்டிங்ஸ் குறையாததால், சல்லடை சுத்தமாகத் தெரியும் வரை தொடர்ந்தோம். அடுத்த புள்ளி பழைய கோட்டுக்கே திரும்பியது. சாய்ந்த கிணற்றில் ஒரே சுற்றில் சுத்தமாகிவிடும் என்று நம்பி அவசரப்படுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன்.

வரைபடம் கைகொடுக்காத இடமும் உண்டு. மட்டின் அழுத்தம் மணற்பாறையில் உள்ள அழுத்தத்தைவிட மிகக் கூடுதலாக இருக்கும்போது, அசையாமல் நிற்கும் பைப்பை அந்த அழுத்த வேறுபாடு சுவரிலுள்ள மட் கேக்கோடு (படிந்த சேற்றுப் படலம்) சேர்த்து அழுத்திவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் வலிமை புரியும். 30 அடி நீளமும் 3 அங்குல அகலமும் உள்ள பரப்பு ஒட்டியிருக்கிறது, அழுத்த வேறுபாடு 1,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டு), உராய்வு 0.2 என்று வைத்துக்கொண்டால், விடுவிக்க 2,16,000 பவுண்டு, அதாவது சுமார் 98 டன் இழுவை தேவைப்படும். இந்தப் பிடிப்பில் மட் தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். பைப் மட்டும் ஏறவோ இறங்கவோ சுழலவோ செய்யாது. இதற்கு முன்னறிவிப்பு அநேகமாகக் கிடைக்காது. மட்டின் எடையைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் இருப்பது, மட் கேக் மெல்லியதாக அமையும்படி பார்த்துக்கொள்வது, தொடும் பரப்பைக் குறைக்கும் ஸ்பைரல் டிரில் காலர்களை (சுருள் பள்ளம் வெட்டிய கனமான குழாய்கள்) பயன்படுத்துவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பைப்பை ஓரிடத்தில் நிற்கவிடாமல் இருப்பது ஆகியவையே காப்பு.

நம் மாவட்டத்தில் போர்வெல் வண்டியில் வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது புதிதாகத் தோன்றும். அங்கே கடும்பாறையைக் காற்றடித்து உடைப்பதால் இப்படி அழுத்தும் மட்டே கிடையாது. கேசிங் எட்டாத தளர்ந்த மண் இடிந்து விழுந்துதான் ராடு பெரும்பாலும் மாட்டும். அந்தப் பழக்கத்தில், துளை இடியாமல் நின்றால் ராடை நிறுத்திவைப்பதில் தவறில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ரிக்கில் அதை முதலிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும்.

சிக்கிய பைப்பை அடித்து விடுவிக்கும் ஹைட்ராலிக் ஜார் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேலே வரும்போது சிக்கினால் கீழ்நோக்கியும், இறங்கும்போது சிக்கினால் மேல்நோக்கியும் அடிக்க வேண்டும் என்ற விதி தெரிந்திருந்தும், பதற்றத்தில் மேலே மேலே இழுத்துப் பிடிப்பை இறுக்கிவிடுபவர்களே அதிகம். நல்ல கருவிதான், ஆனால் அது சிக்கிய பிறகு பயன்படுவது.

வரைபடத்தைத் தானாக வரைந்து எச்சரிக்கும் மென்பொருளையும் நீண்ட நாள் பயன்படுத்தியிருக்கிறேன். வேகமானது, பதிவுகளை அழகாகச் சேமிக்கிறது. பம்ப் அளவு மாறும்போதெல்லாம் பொய்யாக ஒலிப்பதால், சில நாட்களில் யாரோ ஒருவர் அதன் சத்தத்தை அணைத்துவிடுகிறார். காகிதத்துக்கும் குறை உண்டு. ஆளுக்கு ஒரு வேகத்தில் தூக்கினால் புள்ளிகள் சிதறிப் போக்கே தெரியாமல் போகும். எனவே தூக்கும் வேகத்தையும் பம்ப் அளவையும் தாளின் தலைப்பில் எழுதிவைத்து, பகல் டிரில்லரும் இரவு டிரில்லரும் அதையே பின்பற்ற வேண்டும். ஷிப்ட் மாறும்போது வாய்மொழியாக மட்டும் ஒப்படைக்காமல், இருவரும் தாளின் முன் நின்று கடைசி ஐந்தாறு புள்ளிகளையும் ஷேக்கரில் வரும் அளவையும் சேர்த்துப் பார்த்த பிறகே பிரேக்கைக் கைமாற்றும் வழக்கத்தை எங்கள் குழுவில் வைத்திருக்கிறோம்.