பெரம்பூர் டியூஷன்: பேனரில் 98, என் பெண்ணுக்கு 31லிருந்து 57

காலாண்டில் கணக்கு 31 என்று ரேங்க் கார்டு வந்த அன்று சாயங்காலமே என் பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடினேன். பெரம்பூர் பக்கம் ஒரு டியூஷன் சென்டர், பேர் வேண்டாம். பத்தாவது படிக்கிறாள், மாநகராட்சிப் பள்ளி. கணக்கும் அறிவியலும் சேர்த்து மாதம் 1,500 ரூபாய். வாசல் பேனரில் 98, 97, 96 என்று பத்துப் பதினைந்து முகம். அரசே 2017லிருந்து ரேங்க் அறிவிப்பதை விட்டுவிட்டது, பேனர்காரர்கள் விடவில்லை.

சேர்ந்த மறுமாதமே வாரத் தேர்வில் 80, 85. மாமியார் கேசரியே கிளறிவிட்டார். அப்புறம் அரையாண்டு வந்தது, 44. பதின்மூன்று கூடியிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அந்த 85 எங்கே போச்சு? நோட்டைப் புரட்டினால் விஷயம் தெரிந்தது. திங்கட்கிழமை போர்டில் போட்டுக் காட்டிய அதே கணக்குகள், எண்ணைக்கூட மாற்றாமல், சனிக்கிழமை வினாத்தாளில்.

பேனரில் 98 வாங்கிய பையன் எங்கள் தெருதான், ஒன்பதாவதிலேயே 95 வாங்கினவன். 'இவங்கல்லாம் சேரும்போது எவ்வளவு சார் வாங்கிட்டிருந்தாங்க?' என்று கேட்டேன். 'அதெல்லாம் குறிச்சு வைக்கறதில்ல சார்' என்றார் நடத்துகிறவர்.

அரையாண்டுக்குப் பிறகு பள்ளியிலேயே சாயங்காலம் சிறப்பு வகுப்பு வைத்தார்கள். கணக்கு டீச்சர் இவளையும் இன்னும் ஏழெட்டுப் பேரையும் தனியாக உட்கார வைத்து, முதலில் கையில் கொடுத்தது காம்பஸும் கிராஃப் தாளும். வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மார்க், ஒழுங்காக வரைந்தால் யாரும் பிடுங்க முடியாது. அது கைக்கு வந்த பிறகுதான் 14 ஒரு மதிப்பெண் கேள்விகள், அதற்கப்புறம் இரண்டு மார்க். தொடுகோடு வரையும்போது காம்பஸ் முள் நழுவி நழுவி அவள் நோட்டில் ஓட்டை விழாத பக்கமே கிடையாது. பப்ளிக்கில் 57.

டியூஷன்காரர் 'பாத்தீங்களா சார், 26 மார்க் ஏத்திட்டோம்' என்கிறார். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு அடுத்த செட் வந்தாச்சு. இதில் இன்னொரு வயிற்றெரிச்சல், 31லிருந்து 36க்கு வந்த பிள்ளையும் 57க்கு வந்த பிள்ளையும் தேர்ச்சி விகிதக் கணக்கில் ஒன்றுதான், 35ஐத் தாண்டினால் சரி. 44லிருந்து அந்த டீச்சர் இழுத்துப் பிடித்து ஏற்றிய பதின்மூன்று மார்க் எந்த அறிக்கையிலும் வராது.

டியூஷனையும் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். சயின்ஸ் மிஸ் நன்றாகவே நடத்தினார், படம் வரைந்து பாகம் குறிக்க வைத்த பிறகுதான் விடுவார். இடம்தான் நெருக்கடி, முப்பது பிள்ளைகளுக்கு இரண்டே ஃபேன், வண்டி நிறுத்த வழியில்லை. ஏற்கெனவே 80 வாங்குகிற பிள்ளை என்றால் சேர்க்கலாம். 30ல் நிற்கிற பிள்ளை என்றால், பணம் கட்டும் முன் போன மாத வாரத் தேர்வுத் தாளை வாங்கி, யாராவது ஒரு பிள்ளையின் நோட்டோடு வைத்துப் பாருங்கள்.

ஐந்துக்கு இரண்டரை. அந்த அரை சயின்ஸ் மிஸ்ஸுக்கு.