சென்னை நண்பர் வீட்டுக்கு: ஈசிஆரா, திண்டிவனமா?

சனிக்கிழமை காலையில் கிளம்பி, ஒரு ராத்திரி தங்கி, ஞாயிறு சாயங்காலம் புதுச்சேரி திரும்புகிற பயணம். ராஜீவ் காந்தி சிலைக்கு வந்ததும் முடிவெடுத்தாக வேண்டும்: காலாப்பட்டு வழியே கிழக்குக் கடற்கரைச் சாலை என்கிற ஈசிஆரா, கோரிமேடு வழியே திண்டிவனமா? தூரத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. நண்பர் வீடு எங்கே என்பதைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் முன்னே பின்னே வரும். கடலும் மரக்காணம் உப்பளமும் பார்த்துக்கொண்டே போகலாம் என்பது ஈசிஆரின் அழகு, அதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் காரில் போகிறவர்கள் திண்டிவனம் வழியைப் பிடிப்பதே நல்லது. காரணம் ஒன்றுதான், போகும் பாதையையும் வரும் பாதையையும் பிரித்து நடுவில் இருக்கும் தடுப்பு, அதாவது மீடியன்.

வார இறுதியில் சென்னைக்காரர்கள் சனி காலை தெற்கே இறங்குவார்கள், ஞாயிறு மாலை வடக்கே ஏறுவார்கள். புதுச்சேரியிலிருந்து போகிறவருக்கு இரண்டு வேளையும் அந்தக் கூட்டம் எதிர்த்திசை. திண்டிவனம் சாலையில் இது வரம். கூட்டம் மொத்தமும் மீடியனுக்கு அந்தப் பக்கம் நிற்கும், ஞாயிறு மாலை பரனூர் சுங்கச்சாவடியில் நீளும் வரிசையும் சென்னை போகிறவர்களுடையது. ஈசிஆரில் இதே கூட்டம் தலைவலி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே மீடியன் இல்லாத பகுதிகளில், பொறுமை இழந்து ஓவர்டேக் எடுக்கிறவன் ஏறி வருவது நம் பாதியில்தான்.

நாமே ஓவர்டேக் எடுத்தால் என்ன கணக்கு என்று பாருங்கள். முன்னால் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லாரி, நம் வண்டி 80. பின்னால் இருபது மீட்டர், லாரியின் நீளம் பத்து, தாண்டிப் போய் இருபது என்று மொத்தம் ஐம்பது மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வேக வித்தியாசம் மணிக்கு 20 என்பதால் அதற்கு ஒன்பது விநாடி பிடிக்கும். அந்த ஒன்பது விநாடியில் நாம் 200 மீட்டர் போயிருப்போம், எதிரே 100-ல் வரும் கார் 250 மீட்டர் வந்திருக்கும். ஆக 450 மீட்டர் சாலை காலியாகத் தெரிய வேண்டும். பகலில் மரக்காணம் தாண்டிய நேர்ப்பாதைகளில் அது கிடைக்கும். ஏழு மணிக்கு மேல் எதிரே எல்லாரும் ஹைபீம் போட்டு வரும்போது தூரமே பிடிபடாது. போதாததற்கு நான்குவழியாக்கும் வேலை நடக்கும் இடங்களில் திடீர் மாற்றுப்பாதை, ஒட்டுப்போட்ட தார், சாலையில் படுத்திருக்கும் மாடு. லாரி பின்னாலேயே போனால் ஆபத்தில்லை, மிச்சம் பிடித்த நேரம்தான் போய்விடும். வேலை முழுதாக முடிந்து மீடியன் வந்துவிட்டால் இந்தக் கட்டுரையையே திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

திண்டிவனம் வழியில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. வலது தடத்தை விடாமல் 60-ல் உருட்டும் லாரிகள் உண்டு. படாளம், சோத்துப்பாக்கம் போன்ற இடங்களில் எதிர்த்திசையில் ஓரமாக வரும் பைக்கும், குறுக்கே கடக்கும் ஆட்களும் உண்டு. இடது பக்கமாக முந்தவே கூடாது. ஆடிப்பூரம், தைப்பூசம் சமயத்தில் மேல்மருவத்தூரில் செவ்வாடை பக்தர்களின் பேருந்துகள் சாலை ஓரத்தை அடைத்துக்கொள்ளும். தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை சென்னையிலிருந்து ஊர் திரும்புவதாக இருந்தால் கணக்கு தலைகீழ்: பெருங்களத்தூர் முதல் செங்கல்பட்டு வரை தென்மாவட்டமே தெற்கு நோக்கி நிற்கும். அன்றைக்கு மட்டும் ஈசிஆர்.

நண்பர் வீடு தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரி என்றால் யோசிக்கவே வேண்டாம், திண்டிவனம் வழிதான். அண்ணா நகர் பக்கம் என்றால் பெருங்களத்தூரில் மதுரவாயல் பைபாஸ், பூந்தமல்லி, ஆவடி என்றால் வண்டலூரில் வெளிவட்டச் சாலை. நாவலூர், சிறுசேரிக்குக்கூட வண்டலூர்-கேளம்பாக்கம் சாலை இருக்கிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர், நீலாங்கரை நண்பர்களுக்கு மட்டும் ஈசிஆரை விட்டுக்கொடுக்கலாம். அங்கேயும் விடியற்காலையில் ஈசிஆரில் போய், திரும்பும்போது திண்டிவனம் வழியாக வருவதுதான் புத்திசாலித்தனம். வெளிச்சம் இருக்கும்போது ஈசிஆர் அவ்வளவு மோசமில்லை.

சுங்கம்: திண்டிவனம் வழியில் மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று சாவடி. 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் வருடப் பாஸ் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கானது. 200 முறை கடக்கலாம். போக வர ஆறு என்றால் முப்பத்துமூன்று பயணம். ஈசிஆரில், மாநிலச் சாலையில் இருக்கும் உத்தண்டி சாவடியில் அந்தப் பாஸ் செல்லாது, ஃபாஸ்டேக்கில் தனியாகப் பணம் இருக்க வேண்டும்.

பைக்கில் போகிறவர்களுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது. சுங்கம் கிடையாது, ஆனால் ஆம்னி பஸ்கள் உரசிப்போகும் திண்டிவனம் சாலையில் 60-ல் போவது சுகமில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிற பைக்குக்கு ஈசிஆர் பரவாயில்லை என்றுதான் தோன்றுகிறது.

நண்பர் ஆசைப்பட்டாரே என்று இங்கிருந்து மது பாட்டில் எடுத்துப் போகாதீர்கள். எல்லை தாண்டியதும் இரண்டு சாலையிலும் சோதனை உண்டு. வழக்கோடு வண்டியும் போகலாம். எடுத்துப் போக வேண்டியது பெட்ரோல்தான். தமிழ்நாட்டு விலையைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, அதனால் ஊருக்குள்ளேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். டயர் காற்றையும் அங்கேயே பார்த்துவிடலாம், சக்கரம் சூடாகும் முன்பு, ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு.