பழைய மர கேமராவில் 38,500 ரூபாய் போய்விட்டது, நீங்களும் மாட்டிக்கொள்ளாதீர்கள்

பார்சல் வந்து ஆறு நாள் ஆகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குக் கீழக்கரை. வாப்பா 1960களில் இங்கே ஸ்டுடியோ வைத்திருந்தார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுக்கிற ஹாஃப் பிளேட் மர கேமரா. ஸ்டுடியோவை மூடியபோது அது காயலான் கடைக்கு எடைக்குப் போனது. அவருக்கு இப்போது 84 வயது. அதே மாதிரி ஒன்றை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

பழைய பொருட்கள் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் கண்ணில் பட்டது. தார்ன்டன் பிக்கார்டு, ஹாஃப் பிளேட், 1890 மாடல், மஹாகனி மரம், எல்லாம் ஒரிஜினல் என்று போட்டிருந்தது. விலை 38,500. அந்த மான்செஸ்டர் கம்பெனி 1888இல் தொடங்கியது என்று படித்திருந்தேன். அதனால் 1890 என்றதும் கணக்கு சரியாக இருந்தது. பித்தளை ஏன் இப்படிப் பளபளக்கிறது என்று விற்றவனிடம் கேட்டேன். "ஊட்டி பங்களாவுல இருந்த பொருள் பாய், கடல் காத்தே படல. உங்க ஊர்ல இருந்திருந்தா களிம்பு ஏறியிருக்கும்" என்றான். நம்பினேன். இங்கே பித்தளைக் குடம் படும் பாடு எனக்குத் தெரியாதா?

அப்புறம் வீடியோ காலில் வந்தான். முன்பலகையைத் திறந்து குமிழைத் திருகினான். பல்சக்கரம் கறகறவென்று உருள, தோல் துருத்தி விரிந்தது. சின்ன வயதில் ஸ்டுடியோ வாசலில் உட்கார்ந்து நான் கேட்ட அதே சத்தம். பின்பக்கத்தைக் காட்டச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. அங்கேயே 38,500 ரூபாயையும் முழுசாக அனுப்பிவிட்டேன்.

பெட்டியைப் பிரித்ததும் வாப்பா ஈரத் துணியால் தூசி துடைத்தார். துணி சிவப்பானது. புதுச் சாயம்! அடுத்து கூடவே வந்த டார்க் ஸ்லைடை, அதாவது பிளேட்டை வெளிச்சம் படாமல் வைக்கும் சட்டத்தை, பின்னால் செருகப் பார்த்தார், போகவே இல்லை. அளந்தேன். ஹாஃப் பிளேட் என்றால் நாலேமுக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். இந்த ஸ்லைடு 13க்கு 18 செ.மீ., அது ஐரோப்பிய அளவு. "இது வேற வீட்டுப் புள்ளப்பா" என்று அதை எடுத்து ஓரமாக வைத்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கம்பெனிப் பெயர்த் தகட்டைப் பிடித்திருந்தவை நாலு ஸ்டார் ஸ்க்ரூ, தலையில் கூட்டல் குறி மாதிரி வெட்டு உள்ளவை. அந்த வகை புழக்கத்துக்கு வந்ததே 1930களில். தகட்டைக் கழற்றினால் அடியில் மெழுகு வைத்து அடைத்த பழைய ஓட்டைகள், வேறு அளவில். லென்ஸைச் சுற்றி காம்பர் என்று எழுத்து. அது ஷட்டரின் பெயர், லென்ஸுக்கு ஒளியைத் திறந்து மூடும் பாகம். காம்பர் ஷட்டர் வந்தது 1912இல். பின்னால் யாரோ மாற்றியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் ஒரிஜினல் என்று சொல்லித்தானே 38,500 வாங்கினான்?

போன் செய்தேன். முதல் நாள் "பார்சல்ல ஆடியிருக்கும் பாய், கொஞ்சம் அழுத்திப் போடுங்க". மரத்தை அழுத்தினால் அளவு மாறுமா? மறுநாள் "பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது". மூன்றாம் நாள் நம்பரை பிளாக் செய்துவிட்டான். தளத்துக்காரர்களோ விற்றவரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று ஒரே பதிலை நாலு முறை அனுப்பினார்கள். கடைசியில் என் புகார் "தீர்க்கப்பட்டது" என்று மெயில் வருகிறது. யாருக்குத் தீர்ந்தது? சைபர் மோசடி உதவி எண் 1930க்கும் நுகர்வோர் உதவி எண் 1915க்கும் போன் செய்து புகாரைப் பதிவு செய்திருக்கிறேன்.

எந்த கேமராவை எப்படி அடையாளம் காண்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. பெயர்த் தகட்டை மட்டும் நம்பாதீர்கள், அதன் ஸ்க்ரூவைப் பாருங்கள். பின்பக்கத்தையும் ஸ்லைடு உள்ளே போவதையும் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் படம் தெரியும் மங்கல் கண்ணாடியை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, அவசரமாக. நேற்று இரவு அதே தளத்தில் அதே நாலு படங்கள் வேறு பெயரில் மறுபடி ஏறியிருக்கின்றன. இந்த முறை விலை 41,000.