ஞாயித்துக்கிழம பயோ கிளாஸ்: சேருக்கு முழு மார்க், தகரக் கூரைக்கு முட்டை

நான் செகண்ட் ஷை, அதாவது ஏ.எல். பரீட்சய ரெண்டாவது தடவ எழுதப் போறவ(ன்) மாதிரி ஆளு, மஸ்கெலியாவுல இருந்து ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறி ஹட்டனுக்கு போய் இந்த கிளாஸ்ல நாலு மாசம் இருந்தாச்சி, அதனால கொஞ்சம் வெவரமாவே எழுதுறேன். மொதல்ல கஷ்டத்த சொல்லிர்றேன். மேல் மாடி, தகரக் கூர, மழ புடிச்சா சேர் பேசுறது பின் பெஞ்சுக்கு கேக்கவே கேக்காது, நம்ம பக்கம் மழ எப்ப இல்லாம இருந்திச்சி. டியூட்டுக்கு (கிளாஸ்ல குடுக்கிற அச்சடிச்ச நோட்ஸ்) தனியா 200 ரூபா, பிரிண்ட் பாதி மங்கல்.

ஆனா பக்டீரியா எடுக்க ஆரம்பிச்சா அந்த மனுசன அடிச்சிக்க ஆளில்ல. சிலபஸ்லயே இல்லாத சின்ன ஆர்என்ஏ பத்தி ஒரு நாள் முழுக்க எடுத்தாரு. ஆர்என்ஏனா செல்லுக்குள்ள கட்டளைய கொண்டு போற எழுத்து சங்கிலி மாதிரி; இந்த சின்னது சாதாரணமா 50ல இருந்து 500 எழுத்துதான் நீளம், அனேகமா புரதம் எதுவும் செய்யாது, ஆனா நோய்க்கிருமி எப்ப விஷத்த விடனும் எப்ப அடங்கனும்ங்கிறதுல அதுக்கு பெரிய கை. சேர் இத நேரா தேயிலத் தோட்டத்துல காலையில ஆள் பிரிச்சி வேலைக்கு அனுப்புற பெரட்டுக்களத்துக்கே கொண்டு போயிட்டாரு: ஆபீஸ்ல இருந்து துண்டு வருது, கங்காணி அத வாசிச்சி ஆளுகள மலைக்கு அனுப்பனும், அதுக்குள்ள இன்னொரு குட்டி துண்டு வந்து மொத வரி மேலயே ஒட்டிக்கிச்சி, கங்காணி எங்க வாசிக்கிறது, கடைசில ரெண்டையும் சேத்து கிழிச்சி போட்டுர்றாங்க. பெரிய துண்டு தூது ஆர்என்ஏ (புரதம் செய்யிற கட்டளை), குட்டி துண்டுதான் சின்ன ஆர்என்ஏ, கங்காணி ரைபோசோம் (அத வாசிச்சி புரதம் செய்யிறது). ஒட்டிவிட எச்எஃப்கியூனு ஒரு புரதம் ஒத்தாச பண்ணுது. எங்கம்மா கொழுந்து எடுக்கிறவங்க, வீட்டுக்கு போய் சொன்னேன், அவங்களுக்கே வெளங்கிருச்சி.

காலராதான் இன்னும் சுவாரசியம். கிருமிக் கூட்டம் கம்மியா இருக்கப்ப கியூஆர்ஆர்னு நாலு சின்ன ஆர்என்ஏ போய் ஹாப்ஆர்ங்கிற புரதத்துக்கான துண்ட அமுக்கிருது, விஷம் ஓடுது; கூட்டம் பெருகினதும் அந்த நாலும் நின்னுரும், ஹாப்ஆர் வந்து விஷத்த நிப்பாட்டிரும். நான் இவ்வளவு நாளும் தலகீழா நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

ஒரு கொற. ஸ்டஃபைலோகொக்கஸ் ஆரியஸ்னு இன்னொரு நோய்க்கிருமியோட ஆர்என்ஏ த்ரீங்கிற ஆர்என்ஏ புரதமே செய்யாதுனு டியூட்ல போட்டிருக்கு, அது பிழை. அதோட 514 எழுத்துக்குள்ளயே டெல்டா ஹீமோலைசின்னு 26 அமினோ அமிலம் உள்ள விஷத்துக்கான பகுதியும் இருக்கு. கை தூக்கி கேட்டேன், சேர் கோவிக்கல, அடுத்த வாரமே பாத்துட்டு வந்து போர்ட்ல திருத்தினாரு, ஆனா புதுசா சேர்றவங்களுக்கு இன்னமும் அந்த பழைய டியூட்தான் குடுக்கிறாங்க, பேனாவால வெட்டிக்கங்க.

5க்கு 4. முன் ரெண்டு பெஞ்சு வேணும்னா எட்டரைக்கு முந்தி போயிருங்க.