நான்காம் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் எழுதுகிறேன்

பாடநூல், பயிற்சிநூல், வழிகாட்டி என்று கல்விப் பதிப்பகங்களுக்கு எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்களுக்காக இந்தப் பதிவு. முக்கியமாக, ‘முதலில் புத்தகம் வரட்டும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று நினைப்பவர்களுக்கு. நானும் அப்படி நினைத்தவன்தான்.

ஒரு பதிப்பகம் என்னிடம் இலக்கணப் பயிற்சிநூல் கேட்டது. பதினான்கு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் பயிற்சிகள், கடைசியில் விடைக்குறிப்பு. பள்ளி வேலை முடிந்த இரவுகளில் உட்கார்ந்து ஒன்பது மாதம் எழுதினேன். ராயல்டி கிடையாது, ஒரே தடவையாக ஒரு தொகை என்றார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மதிப்பூதியம். சொல் அவ்வளவு மரியாதையாக இருந்ததால் தொகையைப் பற்றி வாய் திறக்கக் கூச்சமாக இருந்தது.

ஒப்பந்தம் எப்போது வந்தது தெரியுமா? மெய்ப்புத் திருத்தமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, உடனே கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்று ஒரு வரி. ஏழு பக்கங்கள். என் பெயர் சரியாக இருக்கிறதா, தொகை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். நான்காம் பக்கத்தில் கண் சற்றே நின்றது: ‘மேற்படி படைப்பின் மீதான அனைத்து உரிமைகளையும், இன்று உள்ளதும் இனி வரக்கூடியதுமான அனைத்து வடிவங்களிலும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முடியும்வரை, ஆசிரியர் பதிப்பகத்துக்கு மாற்றிக் கொடுக்கிறார்.’ தொலைபேசியில் கேட்டேன். “எல்லாருக்கும் இதே வாசகம்தான், சார். வெறும் சம்பிரதாயம்” என்றார் பதிப்பாசிரியர். போட்டேன் கையெழுத்தை.

நான்கு ஆண்டுகள் கழித்து நண்பர் வீட்டில் அவர் மகன் கைக்கணினியில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். தன்வினை, பிறவினை. ‘பூனை திருந்தியது, பாட்டி பூனையைத் திருத்தினாள்.’ அந்தப் பாட்டியையும் பூனையையும் உருவாக்கியவன் நான். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பதினான்கு பாடங்களும் வரிசை மாறாமல் இருந்தன. ஆறாம் பாடத்தின் விடைக்குறிப்பில் ஏழாம் கேள்வியின் விடையும் எட்டாம் கேள்வியின் விடையும் இடம் மாறியிருக்கும், அது என் கவனக்குறைவு. அந்தப் பிழைகூட அப்படியே இருந்தது. என் பெயர் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ‘உள்ளடக்கக் குழு’ என்று இருந்தது.

விசாரித்தேன். பதிப்பகம் என் நூலை ஓர் இணையவழிக் கல்வி நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்திருந்தது. மாணவருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் சந்தா. அதில் எனக்குக் காலணா இல்லை. நான்காம் பக்கம் அவர்கள் கையில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். முதலில் படித்திருக்க வேண்டியதைக் கடைசியில் படிப்பது எனக்குப் புதிதல்ல. உரிமம் கொடுப்பது வேறு, உரிமையை மாற்றிக் கொடுப்பது வேறு. உரிமம் வாடகை மாதிரி. வீடு உங்களுடையதாகவே இருக்கும். உரிமை மாற்றம் கிரயம். அன்று நான் செய்தது கிரயம், வாங்கியது ஒரு மாத வாடகை.

பேசாமல் விடப்படுவதைச் சில நாடுகளின் சட்டம் ஆசிரியர் பக்கம் நின்று நிரப்புகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் காலம் சொல்லப்படாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே. எல்லை சொல்லப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. கையெழுத்திடும்போது புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தாலொழிய, அந்த மாற்றம் செல்லாது என்று 2012 திருத்தம் சேர்த்தது. இப்போது அந்த வாசகத்தைத் திரும்பப் படியுங்கள். ‘உலகம் முழுவதற்கும்’, ‘காலம் முடியும்வரை’, ‘இனி வரக்கூடிய’. அலங்காரத்துக்கு எழுதிய ஒரு சொல்கூட அதில் இல்லை. சம்பிரதாயமாம்!

அமெரிக்கச் சட்டத்தில் இன்னொரு வலை இருக்கிறது. கேட்டு எழுதவைத்த பாடநூலையும் தேர்வு வினாக்களையும், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், ‘கூலிக்குச் செய்த படைப்பு’ என்று வகைப்படுத்தலாம். அப்படிச் செய்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் ஆசிரியர் நீங்களே இல்லை, பதிப்பகம்தான். 35 ஆண்டுகளுக்குப் பிறகு உரிமையை மீட்கும் வழியும் அத்தகைய படைப்புக்குக் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த நெறியாணை எதிர்த்திசையில் போகிறது: படைப்பாளிக்குத் தகுந்த, விகிதப்படியான ஊதியம் வேண்டும் என்கிறது, படைப்பு எப்படிப் பயன்பட்டது, எவ்வளவு வருவாய் வந்தது என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கை நான் கேட்டபோது, கேட்க உங்களுக்கு என்ன உரிமை என்று திருப்பிக் கேட்டார்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு பணம் உண்டு. பள்ளிகளும் கல்லூரிகளும் புத்தகப் பக்கங்களை நகலெடுப்பதற்காகக் கூட்டு உரிம அமைப்புகளுக்குப் பணம் கட்டும் ஏற்பாடு பல நாடுகளில் இருக்கிறது. பிரிட்டனில் அப்படித் திரளும் பணத்தில் எழுத்தாளர்களின் பங்கைப் பெற்றுத் தருவதற்கு 1977இல் தொடங்கிய தனிச் சங்கமே இருக்கிறது. அதுபோன்ற ஓர் அமைப்பில் பதிவு செய்யப் படிவம் வாங்கினேன். மூன்றாவது கேள்வி: ‘இந்நூலை நகலெடுக்க அனுமதிக்கும் உரிமை தங்களிடம் உள்ளதா?’ பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்றுதான் எழுத முடிந்தது.

நகலெடுத்து வகுப்பில் கொடுக்கும் ஆசிரியர் மீது எனக்கு வருத்தமில்லை. நானே செய்திருக்கிறேன். கற்பித்தலுக்காக நியாயமான அளவில் எடுத்தாள, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையே இடம் தருகிறது, ஆசிரியர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. டெல்லிப் பல்கலைக்கழக நகலகத்தின் மீது மூன்று பன்னாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் 2016இல் தள்ளுபடி செய்தபோது, அந்த நூல்களை எழுதியவர்களிலேயே பலர் மாணவர்கள் பக்கம் நின்றிருந்தார்கள். பாடுபட்டவன் பணம் எங்கே தங்கிவிடுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது நான் ஒப்பந்தத்தை முதலில் கேட்கிறேன்; எழுதுவது அதற்குப் பிறகு. அச்சுக்கு மட்டும், இந்த மொழியில் மட்டும், இத்தனை ஆண்டுகளுக்கு என்று எல்லை போடச் சொல்கிறேன். மின்வடிவத்துக்குத் தனி விகிதம், மூன்றாம் தரப்புக்கு உரிமம் கொடுத்தால் அதில் பங்கு, நகலுரிமப் பணம் என்னிடமே, கணக்கு ஆண்டுதோறும். இரண்டு பதிப்பகங்கள் பதிலே போடவில்லை. ஒன்று பேரம் பேசி முக்கால்வாசியை ஏற்றுக்கொண்டது. கேட்டால் புத்தகம் கைநழுவிப் போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன், கையெழுத்துப் போட்டும் என் புத்தகம் கைநழுவித்தான் போனது.

பெயர் விஷயத்தை மட்டும் நான் விடவில்லை. பொருளாதார உரிமைகளை மாற்றிக் கொடுத்த பிறகும் ‘இது என் படைப்பு’ என்று கோரும் உரிமை படைப்பாளியிடம் இருக்கும் என்கிறது பெர்ன் உடன்படிக்கையின் 6bis பிரிவு. அதை மேற்கோள் காட்டிக் கடிதம் எழுதினேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. பெயர் சேர்ப்பது குறித்துப் பரிசீலிப்பார்களாம். அடுத்த பத்தியில், திருத்திய பதிப்பு தயாராவதாகவும், ஆறாம் பாடத்து விடைக்குறிப்பில் ஏதோ குழப்பம் இருப்பதாகப் பள்ளிகளிலிருந்து புகார் வந்திருப்பதாகவும், நேரம் கிடைத்தால் சற்றுப் பார்த்துத் தர முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள்.