வீட்டில் இன்ஜின் பாகம் கழுவி ஏழு வருடம்: எது நிலைத்தது, எதை விட்டேன்

ஏழு வருடத்தில் நான்கு இன்ஜின்களை வீட்டு ஷெட்டில் வைத்துப் பிரித்துச் சேர்த்திருக்கிறேன். மூன்று ஒற்றை சிலிண்டர் பைக் இன்ஜின், ஒரு நான்கு சிலிண்டர் கார் இன்ஜின். பிரிக்க ஒரு நாள், சேர்க்க இரண்டு நாள் என்றால், நடுவில் கழுவுவதற்கு மட்டும் ஒரு வாரம் போய்விடும். டார்க் (போல்ட்டை முறுக்கும் விசை) எவ்வளவு வைத்தாய், ரிங் இடைவெளி என்ன என்றெல்லாம் கேட்பவர்கள் எதில் கழுவினாய் என்று கேட்பதே இல்லை. அதனால் இது முழுக்க அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான்.

முதல் இன்ஜினைப் பெட்ரோலில் கழுவினேன். பாதிப் பேர் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். பிசுக்கு தொட்டதும் கரையும், துடைக்காமலே காய்ந்துவிடும், வண்டியிலேயே இருக்கிறது, வேறென்ன வேண்டும்? பிளாஸ்டிக் பேசினில் ஊற்றிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தலைவலிக்கிறதே என்று வெளியே வந்தபோதுதான் பக்கத்து அறையில் அடுப்பு எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, கதவிடுக்கு வழியாக நெருப்பைத் தேடிப் போகும். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் போனதற்கு நான் பெருமைப்பட எதுவும் இல்லை. அதிலுள்ள பென்சீன் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், புற்றுநோய் வரவழைக்கும் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அதன் பிறகு ஒரு துளி பெட்ரோல்கூடக் கழுவுவதற்கு எடுக்கவில்லை.

அதற்குப் பதிலாக வந்தது மண்ணெண்ணெய். இது 38 டிகிரிக்கு மேல் போனால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். இன்றுவரை முதல் கழுவல் இதில்தான். ஆனால் இதையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. கடும் வெயிலில் தகர ஷெட்டுக்குள் 38 டிகிரி பெரிய விஷயமில்லை. ஸ்பிரே துப்பாக்கியில் போட்டு அடித்தால், பனிமூட்டம் மாதிரி பரவும் அந்தத் துளிகள் அதைவிடக் குறைந்த சூட்டிலும் பிடித்துக்கொள்ளும். நான் அடிப்பதில்லை. இரும்புத் தட்டு, பெயின்ட் பிரஷ், திறந்த கதவு, அவ்வளவுதான்.

கையுறை விஷயத்தில் நான் தாமதமாகத் திருந்தியவன். இரண்டாவது இன்ஜின் முடிந்தபோது விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசையவே எரிந்தது. வீட்டிலிருந்த லேடெக்ஸ் கையுறையைப் போட்டுப் பார்த்தேன்; மண்ணெண்ணெயில் ஊறி, உப்பி, கிழிந்தது. நைட்ரைல்தான் தாங்குகிறது. அதுவும் அசிட்டோன் கலந்த கிளீனர் பட்டால் சீக்கிரமே கெட்டுவிடும், உடனே மாற்ற வேண்டும்.

காஸ்டிக் சோடாவை ஒரே ஒரு முறை பயன்படுத்தினேன். கார்பன் பிடித்த அலுமினியக் கவர் ஒன்றைக் கரைசலில் போட்டேன். நுரை நுரையாகப் பொங்கியது. அழுக்கு கழல்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், கழன்றது அலுமினியம். வெளியே எடுத்தபோது கவர் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது, கேஸ்கட் (இரண்டு பாகத்துக்கு நடுவில் கசிவைத் தடுக்க வைப்பது) உட்காரும் முகம் சொரசொரத்துவிட்டது. பொங்கிய குமிழில் இருந்தது ஹைட்ரஜன், அதுவும் எரியும் வாயு. சமையலறை ஓவன் கிளீனர் பலவற்றிலும், கடுமையான டிகிரீசர் (பிசுக்கு நீக்கும் திரவம்) சிலவற்றிலும் இதே காஸ்டிக்தான் இருக்கிறது. அலுமினியப் பாகத்தை நனைக்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

சரி, இந்த ஏழு வருடத்தில் எனக்கு அதிகம் வலித்த தவறுக்கு வருகிறேன். மூன்றாவது இன்ஜினின் கிராங்க் கேஸையும் (கிராங்க் தண்டு சுழலும் அடிக்கூடு) ஹெட்டையும் (சிலிண்டரின் மேல்மூடி) வெளியே ஒரு பட்டறையில் கொடுத்து, கண்ணாடி மணி பிளாஸ்டிங் செய்து வாங்கினேன். பொடிக் கண்ணாடி மணியைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிப்பார்கள். திரும்பி வந்தபோது அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல இருந்தது. அந்த அழகில் மயங்கி, மேலாக ஒரு முறை மண்ணெண்ணெயில் அலசி, காற்றடித்துச் சேர்த்துவிட்டேன். 600 கிலோமீட்டரில் கீழிருந்து ஒரு மெல்லிய முனகல். ஆயில் ஃபில்டரைக் கழற்றி, மேல் தகட்டை வெட்டி, மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பார்த்தேன். சர்க்கரை தூவியது மாதிரி மின்னியது. கண்ணாடியும் பேரிங் துகளும் கலந்து கிடந்தன. பிரித்தால் பேரிங் முகத்தில் சுற்றிலும் நகக்கீறல் போலக் கோடு.

மணி எங்கே ஒளிந்திருந்தது என்று தேடினேன். ஆயில் வழியின் கடைசியில் அடைத்திருந்த பிளக்கை நான் கழற்றவே இல்லை. அதன் முதுகில் ஒரு சிட்டிகை. மறுபக்கம் திறப்பில்லாத போல்ட் துளைகளில், பழைய ஆயிலோடு பிசைந்த மாவு மாதிரி இன்னும் கொஞ்சம். பட்டறையைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே பளபளவென்று வேண்டும் என்று கேட்டது நான். கேஸ்கட் சுரண்ட டிரில்லில் மாட்டும் எமரி டிஸ்க்கிலும் இதே சங்கதிதான். அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு பொடி பேரிங்குக்குள் பதிந்துகொண்டு கிராங்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அப்புறம், பழைய இன்ஜின் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை உலர்வாகச் சுரண்டவே கூடாது. நனைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாக எடுக்கிறேன்.

இப்போது எந்த பிளாக் வந்தாலும் முதல் வேலை பிளக் எல்லாவற்றையும் கழற்றுவது. பிறகு நீளமான நைலான் பிரஷ்ஷை ஒவ்வொரு ஆயில் வழியிலும் விட்டு இழுப்பது. எங்கள் வீட்டில் ஸ்டீல் டம்ளரும் பால் பாட்டிலும் கழுவும் அதே வகை பிரஷ், கொஞ்சம் மெல்லியது. கிராங்கின் துளையில் விட்டு முதல் முறை இழுத்தபோது வந்தது திரவம்கூட இல்லை, மை போல ஒரு களிம்பு. பார்வைக்குச் சுத்தமாக இருந்த கிராங்க் அது.

சிலிண்டர் போர் (பிஸ்டன் ஓடும் துளை) கழுவுவதில் நான் கற்றது கொஞ்சம் விசித்திரமானது. ஹோனிங் (போரின் உள்சுவரைக் கல்லால் தேய்த்து மெல்லிய கோடு போடுவது) முடிந்ததும் மண்ணெண்ணெயில் துடைத்தால் போதாது. அது எண்ணெயை மட்டும் கழுவிவிட்டு, கல் பொடியைக் கோடுகளுக்குள் உட்கார விட்டுவிடும். சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும்தான் அந்தப் பொடியைத் தூக்கிக்கொண்டு வரும். நான்காவது இன்ஜினில் தேய்த்து அலசி, வெள்ளைத் துணியால் துடைத்தேன்: சாம்பல் நிறம். மறுபடி தேய்த்தேன், இன்னும் சாம்பல். நான்கு முறை. நாலு போரில் மூன்றாவது போர் மட்டும் ஐந்தாவது முறைதான் துணியை வெள்ளையாகவே திருப்பித் தந்தது. கடைசியில் அலசியதும் தாமதிக்கக் கூடாது. வார்ப்பிரும்பு சில நிமிடத்திலேயே செம்மஞ்சளாகத் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். ஆயில் கேனைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றவே தொடங்குவேன்.

அல்ட்ராசோனிக் தொட்டி வாங்கி நான்கு வருடமாகிறது. கார்புரேட்டருக்கு இதைப் போல ஒன்றில்லை. என்னுடையது 40 கிலோஹெர்ட்ஸ். தண்ணீரில் நுண்குமிழ்கள் உண்டாகி உடையும்போது, ஊசி போகாத ஜெட் துளைக்குள்ளிருந்தும் அழுக்கு புகை போல வெளியே வருகிறது. 60 டிகிரி சூட்டில், மென்மையான டிகிரீசர் கலந்து, பத்து பத்து நிமிடமாக ஓட்டுகிறேன். அதிக நேரம் விட்டால் அலுமினியம் மங்கிப்போகிறது. பிசுக்கை முன்பே எடுக்காமல் போட்டால் தொட்டி சாக்கடையாகிவிடும். எரியக்கூடிய எதையும் அதற்குள் ஊற்றக் கூடாது, ஓடும்போது கையை விடக் கூடாது. பிஸ்டனுக்கு அவ்வளவு பிரயோசனமில்லை. கெட்டிப்பட்ட கார்பனைக் கொஞ்சம் இளக்குகிறது, அவ்வளவே. மிச்சம் ஊறவைப்பதிலும் மரக்குச்சியிலும்தான்.

பிரேக் கிளீனர் டப்பாவில் இரண்டு சாதி. குளோரின் கலந்தது எரியாது, ஆனால் சூடான உலோகத்திலோ வெல்டிங் பொறியிலோ பட்டால் பாஸ்ஜீன் உண்டாகலாம். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட நச்சு வாயு அது. குளோரின் இல்லாதது பெட்ரோல் மாதிரி பற்றும். நான் இரண்டாவது வகையைத் திறந்த வெளியில், கடைசித் துடைப்புக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

கம்ப்ரஸர் காற்று ஒரு வழியில் போனால் எந்தத் துளையில் வெளியே வரும் என்று யோசிக்காமல் ஊதியதில், ஒருநாள் ஆயில் வழியில் தேங்கியிருந்த மண்ணெண்ணெய் என் கண்ணுக்கே வந்தது. கால் மணி நேரம் தண்ணீரில் கண்ணைக் கழுவினேன். இப்போது பக்கமும் மூடிய கண்ணாடி இல்லாமல் காற்று கிடையாது, மறுதுளையில் எப்போதும் துணி. அந்தத் துணிகளைச் சுருட்டி மூலையில் எறிவதில்லை. வெளியே விரித்துக் காயவிட்டு, மூடியுள்ள தகர டப்பாவில் போடுகிறேன்.

அழுக்கு மண்ணெண்ணெயை ஒரு வாரம் மூடி வைத்தால் கசடு அடியில் தங்கும். தெளிவை வடித்து அடுத்த முதல் கழுவலுக்கு எடுத்துக்கொள்கிறேன். கசடு, பழைய ஆயில் சேகரிக்கும் இடத்துக்குப் போகிறது.

நான்காவது இன்ஜினின் ஃபில்டரையும் 600 கிலோமீட்டரில் வெட்டிப் பார்த்தேன். வெயிலில் விரித்து, லென்ஸ் வைத்துத் தேடினேன். கொஞ்சம் கரி, வெட்டிய என் அரத்தின் பொடி, துடைத்த துணியிலிருந்து ஒரு வெள்ளை நூல். அந்த நூலுக்காக, அடுத்த இன்ஜினுக்குப் பஞ்சு உதிராத துணி வாங்கி வைத்திருக்கிறேன்.