கார்லைலுக்கு இரு பாதைகள்: ஷாப்பும் செட்டிலும்

1960களில், நீராவி எஞ்சின்களின் இறுதி ஆண்டுகளில், தெற்கிலிருந்து வட இங்கிலாந்தின் கார்லைல் நகரை அடைய இரு மலை ரயில்பாதைகள் இருந்தன. லங்காஸ்டரிலிருந்து செல்லும் பாதை 1846இல் திறக்கப்பட்டது. அது ஷாப் என்ற மேட்டில் 916 அடி உயரத்தைத் தொடுகிறது. டீபே நிலையத்தைத் தாண்டியதும் ஏறத்தாழ நான்கு மைல் தூரம் 75 அடிக்கு ஓர் அடி வீதம் ஏற வேண்டியிருந்ததால், கனமான வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளித் தர டீபேயில் துணை எஞ்சின்கள் காத்திருந்தன.

லீட்ஸிலிருந்து செட்டில் என்ற ஊர் வழியாகச் செல்லும் பாதையில், பயணிகள் வண்டிகள் 1876இல் ஓடத் தொடங்கின. இதன் சரிவு 100 அடிக்கு ஓர் அடிதான். ஆயினும், அது பதினைந்து மைல் ஓயாமல் நீள்கிறது; ரிபிள்ஹெட்டின் 24 வளைவுப் பாலத்தையும் பிளீ மூர் சுரங்கத்தையும் கடந்து, ஐஸ் கில்லில் 1,169 அடியை எட்டுகிறது. ஷாப் சில நிமிடச் சோதனை. செட்டிலோ கரி அள்ளிப் போடுபவரின் உடலையும் கொதிகலனின் தாங்குதிறனையும் நெடுநேரம் சோதித்தது. நீராவியின் உண்மையான உரைகல் செட்டில் பாதையே என்பேன். 1968 ஆகஸ்ட் 11 அன்று பிரிட்டிஷ் ரயில்வே தன் நீராவிச் சேவைக்கு விடைகொடுத்து இயக்கிய சிறப்பு வண்டி, லிவர்பூலிலிருந்து கார்லைலுக்கு அதன் வழியாகவே சென்று திரும்பியது.